பறக்கும் ரயிலில் ஆள் குறைந்ததால் வண்டி குறைந்ததா?

சென்னையில் பீச் (கடற்கரை) நிலையத்துக்கும் வேளச்சேரிக்கும் இடையே பெரும்பாலும் மேம்பாலத்தின் மேல் ஓடும் உள்ளூர் ரயில்தான் பறக்கும் ரயில். அதில் மந்தைவெளியிலிருந்து பூங்கா நகருக்குத் தினமும் போய்வரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பறக்கும் ரயிலுக்கு மேலே ஏறி நின்றால் முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் வண்டி வந்துவிடும். பீச்–சிந்தாதிரிப்பேட்டைப் பகுதியை மூடியபோது வண்டிகளைக் குறைத்தார்கள். திறந்த பிறகும் என் காத்திருப்பு பழைய நிலைக்கு வரவில்லை. கூட்டம் இல்லை என்று குறைத்தார்களா? விரைவு ரயில்களுக்காக எங்களைக் கழித்துக் கட்டிவிட்டார்களா?” காரணம் கேட்பது போலத்தான் கேள்வி இருக்கிறது. ஆனால் இதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எல்லா நிலையங்களிலும் நின்று போகும் ஓர் உள்ளூர் வண்டி ஒரு நாளில் எத்தனை முறை ஓடும் என்பதை எது முடிவுசெய்கிறது என்பது ஒன்று. ஆள் குறைந்து வண்டி குறைந்ததா, வண்டி குறைந்து ஆள் குறைந்தார்களா என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களைக் குடைகிறது என்று நினைக்கிறேன்.

நான் ஒரு ரயில்வே கோட்டத்தின் கட்டுப்பாட்டு அறையில் 23 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் புறநகர் வண்டிகளுடன்தான் கழிந்தது. சென்னைக் கோட்டத்தில் வேலை பார்த்ததில்லை. இங்கே நான் உங்களைப் போலப் பயணி மட்டும்தான். ஆகவே ரயில் ஓட்டத்தின் பொது விதிகளை உறுதியாகச் சொல்வேன். உங்கள் பாதையைக் குறித்து உள்ளே என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லும் இடங்களில், அது என் ஊகம் என்று சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். பீச்–எழும்பூர் இடையே மூன்று பாதைகள்தான் இருந்தன. இரண்டு புறநகர் வண்டிகளுக்கு. மீதமிருந்த ஒன்றில்தான் நெடுந்தூர வண்டிகளும் சரக்கு வண்டிகளும் போகவும் வரவும் வேண்டும். சுமார் நான்கு கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் கழுத்து போன்ற இடம். அங்கே நான்காவது பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மறுபடி பீச் வரை ஓடியது 2024 அக்டோபர் 29இல். மூடிய காலத்தில் நாளொன்றுக்கு 122 ஆக இருந்த ஓட்டங்கள் 80 ஆயின. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வண்டிகள் அதிகாலையிலிருந்து இரவு வரை சுமார் 18 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 122 என்பது ஒரு திசைக்கு 61. சராசரி இடைவெளி பதினேழு, பதினெட்டு நிமிடம். 80 என்றால் ஒரு திசைக்கு 40, இடைவெளி 27 நிமிடம். நீங்கள் நினைவில் வைத்திருக்கும் பத்து நிமிடம் காலை மாலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் பொருந்தும் பத்து நிமிடம். இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. மனு எழுதும்போது “முன்பு பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி” என்று எழுதினால், எதிரில் இருப்பவர் பழைய கால அட்டவணையை எடுத்துக் காட்டி உங்களை முதல் வரியிலேயே மடக்கிவிடுவார்.

இனி விரைவு ரயில் சந்தேகத்துக்கு வருகிறேன். தாம்பரம் தடத்தில் கேட்டிருந்தால் பாதியாவது ஆமாம் என்றிருப்பேன். ஒரே பாதையில் நின்று போகும் வண்டியும் நிற்காத வண்டியும் ஓடினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நின்று போகும் வண்டிக்கு 55 நிமிடம், நிற்காத வண்டிக்கு 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வருவது முன்னால் போவதை எட்டிவிடக் கூடாது. முடிவில் இரண்டுக்கும் நடுவே நான்கு நிமிடமாவது இருக்க வேண்டும். அப்படியானால் புறப்படும் இடத்தில் பத்தொன்பது நிமிடம் விட்டுத்தான் விரைவு வண்டியை அனுப்ப முடியும். அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று சாதா வண்டிகள் போயிருக்கும். நடுவில் ஒரு நிலையத்தில் சாதா வண்டியை ஒதுக்கி நிறுத்தி விரைவு வண்டியை முன்னே விடலாம். அப்போது ஒதுங்கி நிற்கும் வண்டியில் இருப்பவர்கள் அந்த நேரத்தை இழக்கிறார்கள். எழும்பூர்–தாம்பரம் இடையே புறநகர் வண்டிகளுக்குத் தனி இரட்டைப் பாதை இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை மூன்று பாதைகள்தான். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பாதையில் அந்தக் கதையே கிடையாது. சிந்தாதிரிப்பேட்டை முதல் வேளச்சேரி வரை மின்தொடர் வண்டியைத் தவிர வேறு எதுவும் ஓடுவதில்லை. எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்கிறது, ஒரே வேகத்தில் போகிறது. ரயில் இயக்குபவர் கனவு காணும் பாதை அது. அங்கே தண்டவாளத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விரைவு ரயில்களுக்காக எழும்பூர்ப் பக்கம் பாதை போட்டபோது உங்கள் வண்டியை நிறுத்தினார்கள் என்ற அளவில் உங்கள் கோபம் நியாயம். அந்த நான்காவது பாதையால் மந்தைவெளிக்காரருக்கு நேரடியாக ஒன்றும் கிடைக்கவில்லை. பதினான்கு மாதக் கஷ்டம் மட்டும் அவர் கணக்கில் ஏறியது.

அப்படியானால் பாதை குட்டையான பிறகு, மிச்சமிருந்த பகுதியில் வண்டி கூடியிருக்க வேண்டுமே, ஏன் குறைந்தது? இது என் துறைக்குள் வரும் விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ரயில் பாதையின் கொள்ளளவு நடுவில் இருப்பதைவிட நுனிகளில்தான் இருக்கிறது. வண்டி முனையத்துக்கு வந்து நிற்கிறது. ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். வண்டியை ஓட்டும் மோட்டார்மேன் தன் பையையும் கைப்பிடியையும் எடுத்துக்கொண்டு வண்டியின் மறுமுனைக்கு நடக்கிறார். ஒன்பது பெட்டி வண்டி ஏறக்குறைய 200 மீட்டர். எதிரே கூட்டம். அவர் நடந்துபோகும்போதே கார்டு எதிர்த்திசையில் நடந்து வருகிறார். அறையில் ஏறிப் பிரேக் சோதனை செய்ய வேண்டும், சிக்னல் விழ வேண்டும், பிறகுதான் வண்டி நகரும். எவ்வளவு விரட்டினாலும் எட்டு முதல் பத்து நிமிடம் ஆகிவிடும். அது போய், தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயிண்ட் மாறி, அடுத்தது உள்ளே வர இன்னும் மூன்று நான்கு நிமிடம். ஒரே பிளாட்பாரத்தில் இதைச் செய்தால் பதினொன்று முதல் பதினான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டிதான். தண்டவாளம் காலியாகக் கிடந்தாலும் அதற்கு மேல் முடியாது.

முனையம் என்று கட்டிய இடத்தில் இதற்கு மாற்று வழிகள் வைத்திருப்பார்கள்: பல பிளாட்பாரங்கள், நுழைவிலேயே இரண்டு பாதையையும் இணைக்கும் கிராஸ் ஓவர், வண்டியை ஒதுக்கி நிறுத்தக் கூடுதல் பாதைகள். பீச் அப்படிப்பட்ட இடம். பறக்கும் ரயில் வளர வளர அதன் மறுமுனை நகர்ந்துகொண்டே வந்தது. 1995இல் சேப்பாக்கம், 1997இல் திருமயிலை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. இந்த வரிசையில் சிந்தாதிரிப்பேட்டை ஒருபோதும் இல்லை. வழியில் நின்று போவதற்காகக் கட்டிய நிலையத்தைத் திடீரென்று கடைசி நிலையமாக்கினால் ஓட்டம் சுருங்கத்தான் செய்யும். வேறொரு தந்திரம் உண்டு. முந்தைய வண்டியில் வந்த மோட்டார்மேன் மறுமுனைப் பெட்டி நிற்கும் இடத்தில் முன்கூட்டியே காத்திருப்பார். அடுத்த வண்டி வந்து நின்றதும் அதில் ஏறி எடுத்துப் போவார். அதைக் கொண்டுவந்தவர் இறங்கி அடுத்ததற்குக் காத்திருப்பார். ‘ஸ்டெப்பிங் பேக்’ என்போம். நான்கைந்து நிமிடம் மிச்சமாகும். ஆனால் ஒரு ஜோடி ஊழியர் கூடுதலாக வேண்டும். ஊழியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

அடுத்து, வண்டிகளின் எண்ணிக்கை. ரேக் என்று நாங்கள் சொல்லும் பெட்டித்தொடர்கள் எத்தனை வேண்டும் என்பது எளிய வகுத்தல். வேளச்சேரியிலிருந்து பீச்சுக்கு முக்கால் மணி, இரு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 110 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட 11 ரேக்குகள் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒன்று என்றால் 6 போதும். பழுதுக்கு ஒன்றிரண்டைத் தனியாக வைக்க வேண்டும். ஐந்து ரேக்குகள் மிச்சமானால் அவற்றுக்கு வேறு தடத்தில் உடனே வேலை கிடைத்துவிடும். ஒருமுறை போன ரேக்கை இந்தத் தடத்துக்குத் திரும்பக் கேட்பது, கடன் கொடுத்த அண்டாவைத் திரும்பக் கேட்பது மாதிரி. எங்களிடம் இருந்தது, உங்களிடம் போனது, இப்போது எங்களுக்கு வேண்டும் என்றால், கொண்டுபோனவர் தன் வீட்டில் கல்யாணம் என்பார். பெட்டி கட்டும் ஆலை பெரம்பூரிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே கட்டும் பெட்டி எந்த ஊருக்குப் போகும் என்பதை முடிவுசெய்வது ரயில்வே வாரியம். பாதை திறந்த பிறகும் பழைய ஓட்டம் உடனே திரும்பாததற்கு இந்த அண்டாக் கதைதான் முக்கியக் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் மூன்று தடங்களில் இதே கதையைப் பார்த்தவனின் ஊகம்.

கட்டுப்பாட்டு அறையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கால அட்டவணையில் இருக்கும் வண்டியும் சில நாள் வருவதில்லை. நான் இருந்த அறையில் ஒரு மாலை, ஆறேகால் மணிக்கு ஒரு ரேக் பழுதாகி நின்றது. அடுத்த அரை மணி நேரத்தில் எந்த ஓட்டத்தை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். எங்கள் தாளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்கோடு இருக்கும். பக்கத்து மேசைக்காரர் அதில் ஒன்றைப் பேனாவால் அடித்துவிட்டுச் சொன்னார்: “இது கேன்சல். லேட் கணக்கில் வராது.” அவர் சொன்னது உண்மை. நெடுந்தூர வண்டி இருபது நிமிடம் தாமதித்தால் மேலிருந்து போன் வரும், விளக்கம் எழுத வேண்டும். உள்ளூர் வண்டியை இழுத்துப் பிடித்துத் தாமதமாக ஓட்டினாலும் தாமதப் பட்டியலில் ஏறும். ரத்துசெய்துவிட்டால் அதற்குத் தாமதம் என்ற ஒன்றே கிடையாது. அன்று நானும் எதிர்க்கவில்லை. அடுத்த வண்டி அரை மணி கழித்துத்தான் என்று தெரிந்தும் எதிர்க்கவில்லை. கூட்டம் எங்கள் கண்ணில் படாது. எங்களுக்கு முன்னால் இருந்தது ஒரு தாளும் அதில் சில சாய்கோடுகளும்தான்.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. ஆள் முதலா, வண்டி முதலா? என் பதில்: குறுந்தூரப் பாதையில் வண்டிதான் முதல். மந்தைவெளியிலிருந்து பூங்கா நகருக்கு வண்டிக்குள் இருக்கும் நேரம் இருபது நிமிடத்தை ஒட்டித்தான் இருக்கும். பத்து நிமிட இடைவெளி என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பீர்கள். அட்டவணையைப் பார்க்காமலே கிளம்புவீர்கள். இடைவெளி இருபத்தேழு நிமிடமானால், சும்மா வந்து நிற்பவருக்குச் சராசரிக் காத்திருப்பு பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். படியேறி மேலே வரும்போது வண்டியின் முதுகு திருமயிலைப் பக்கம் போய் மறைவதைப் பார்த்தவர், அந்த ஆளில்லாத பெரிய மண்டபத்தில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாவது நாள் அவர் படியேற மாட்டார். செங்கல்பட்டிலிருந்து வருபவர் ஒன்றேகால் மணிப் பயணத்தில் கூடுதலாகப் பத்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்வார். இருபது நிமிடப் பயணத்துக்கு யாரும் பொறுக்க மாட்டார்கள். அதோடு 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண மாநகரப் பேருந்தில் கட்டணம் கிடையாது. கீழே தெருவிலேயே இலவசப் பேருந்து வரும்போது, மேலே ஏறி ஐந்து ரூபாய் கொடுத்து அரை மணி நிற்பதற்குத் தனிப் பற்று வேண்டும்.

பிறகு அலுவலகத்தில் ஒருவர் டிக்கெட் விற்பனையைப் பார்த்து “மந்தைவெளியில் ஆள் இல்லை” என்பார். அந்தக் கணக்கே கொஞ்சம் கோணலானது. சீசன் டிக்கெட் எடுத்தவர் மாதத்தில் ஒருமுறைதான் கவுண்டருக்கு வருகிறார். தாம்பரம் தடத்தில் டிக்கெட் எடுத்து, கோட்டையில் இறங்கி மாறி உங்கள் தடத்தில் வருபவர் இன்னொரு நிலையத்தின் கணக்கில் இருக்கிறார். காலை ஒன்பது மணிக்குத் திருவான்மியூரிலும் தரமணியிலும் இறங்கும் கூட்டத்தையும், மதியம் இரண்டு மணியின் காலி இருக்கைகளையும் சேர்த்துச் சராசரி போட்டால் நாள் முழுக்கப் பாதி வண்டி காலி என்று வரும். அந்தச் சராசரியில் யாரும் பயணம் செய்வதில்லை. எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும்: பறக்கும் ரயிலில் கூட்டம் குறைவு என்பது வண்டி குறைவதற்கு முன்பிருந்தே உள்ள உண்மை. நிலையங்கள் இருட்டு, இறங்கினால் இணைப்புப் பேருந்து இல்லை, வேளச்சேரி–பரங்கிமலை இணைப்பு 2008இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஒரு சின்னத் துண்டு நிலத்துக்காக வழக்கில் கிடந்தது. கட்டணமும் ஓட்டச் செலவை ஈடுகட்டும் கட்டணமல்ல. வண்டியைக் கூட்டினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வண்டியைக் குறைத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்பதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

இனி உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம். மனு எழுதுபவர்கள் எல்லாரும் “வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்” என்றே எழுதுகிறார்கள். எண்ணிக்கை மட்டுமே உங்கள் பிரச்சினை அல்ல, இடைவெளி சீராக இல்லாததும்தான். ஒரு மணி நேரத்தில் ஐந்து வண்டிகள், இடைவெளிகள் 4, 8, 20, 6, 22 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை பார்க்காமல் வருபவர் பெரும்பாலும் நீண்ட இடைவெளியில்தான் மாட்டுவார், ஏனென்றால் மணியின் பெரும்பகுதியை விழுங்கியிருப்பவை அந்த இருபதும் இருபத்திரண்டும்தான். கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு எட்டேகால் நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். அதே மணியில் நான்கே வண்டிகள், சரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஏழரை நிமிடம். ஒரு வண்டி குறைவு, காத்திருப்பும் குறைவு. இதற்குப் புது ரேக் வேண்டாம், புது ஊழியர் வேண்டாம். உங்கள் பாதையில் வேறு வண்டி குறுக்கே வராததால் சீரான இடைவெளியைப் பிடிப்பது மற்றத் தடங்களைவிட எளிது. மந்தைவெளியில் ஒவ்வொரு மணியிலும் 5, 20, 35, 50ஆம் நிமிடத்தில் வண்டி என்று வைத்தால் ஒரு வாரத்தில் ஊருக்கே மனப்பாடமாகிவிடும். பீச் முனையில்தான் சிக்கல் வரும், அங்கே மற்றப் புறநகர் வண்டிகளோடு இடத்தைப் பங்கு போட வேண்டும். ஆனால் நெரிசல் இல்லாத நேரத்தில் அது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல.

பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் 2025இல் கொள்கை அளவில் இசைவு தந்திருக்கிறது. அது நடக்கும் வரை யாரும் இந்தத் தடத்தில் பெரிய பணம் போட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வீட்டை விற்கப் போகிறவர் வெள்ளையடிப்பதில்லை. அதனாலேயே செலவில்லாத கோரிக்கையாகக் கேளுங்கள் என்கிறேன்.

கேட்கும்போது கையில் தாள் இருக்கட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இரண்டு வாரம் எழுதுங்கள்: தேதி, நீங்கள் பிளாட்பாரத்தில் கால் வைத்த நேரம், வண்டி வந்த நேரம், உட்கார இடம் இருந்ததா. உங்களைப் போல இன்னும் நான்கு பேர், வெவ்வேறு நிலையத்தில் ஏறுபவர்கள், எழுதினால் இன்னும் நல்லது. வராத வண்டியையும் எழுதுங்கள், ரத்து என்று அறிவித்தார்களா இல்லையா என்பதோடு. ஞாயிற்றுக்கிழமைக்கும் சில அரசு விடுமுறை நாட்களுக்கும் வேறு அட்டவணை என்பதால் அவற்றைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். அந்த நோட்டின் நகலைக் கோட்ட இயக்கப் பிரிவுக்கு அனுப்பி, எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், “காலை எட்டு முதல் பத்து வரை எந்த இரண்டு வண்டிக்கும் நடுவே பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது” என்று மட்டும் எழுதுங்கள். இருபத்து மூன்று ஆண்டுகளில் அப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்ததில்லை.